குருதிப் புற்றுநோயும் மருத்துவ ஆய்வும்

நம் உடலில் ஓடும் குருதி எங்கே பிறக்கின்றது என்று வினவினால், வளர்ந்தோரிலும் பலர் 'இதயத்தில்' என்றே விடை கூறுவர். இதயம் குருதியை இறைத்து அனுப்புகின்ற ஓர் உறுப்பு மாத்திரமே. குருதிக் கலங்கள் பிறக்கும் இடம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மென்மையான மச்சை ஆகும். அங்கேயுள்ள மூலக்கலங்கள் ஓயாது பிரிந்து பெருகி, ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களாகவும், நோய்க்கிருமிகளோடு பொருதும் வெண்குழியங்களாகவும், காயம்பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களாகவும் மாறுகின்றன.

இத்தொழிற்சாலையில் ஒரேயொரு கலம் நெறி பிறழ்ந்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அது முதிர்ச்சி அடையாமலே மேலும் மேலும் பெருகுகின்றது. மச்சையின் இடம் முழுவதையும் அடைத்துக்கொள்கின்றது. செங்குழியம் குறைய உடல் வெளிறுகின்றது. செயற்படக்கூடிய வெண்குழியம் குறையக் காய்ச்சல் விடாது வருகின்றது. சிறுதட்டுக் குறையக் காரணமின்றித் தோலிற் கன்றற் காயங்கள் தோன்றுகின்றன. இதுவே லியூக்கேமியா. ஜெர்மானிய அறிஞர் ருடொல்ஃப் வீர்கோ 1847ஆம் ஆண்டில் இட்ட இப்பெயருக்கு 'வெண்குருதி' என்பது பொருள். நிணநீர்க் கணுக்களிலே தோன்றும் லிம்போமா, பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்களிலே தோன்றும் மைலோமா ஆகியனவும் குருதிப் புற்றுநோய்களே. எனினும், சிறுவரைத் தாக்கும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது லியூக்கேமியா ஆகையால் அதனையே இக்கட்டுரையிற் பெரிதும் எடுத்துக்கொள்கின்றோம்.

இந்நோய் தொற்றுவதன்று. பெற்றோர் ஊட்டிய உணவாலோ வளர்த்த முறையாலோ வருவதுமன்று. இதனை அழுத்திக் கூறக் காரணம் உண்டு. நம்மவரிடையே இந்நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சி, வீட்டுக்குள்ளே மறைத்துவைக்கும் வழக்கம் இன்னும் நீங்கியபாடில்லை. மறைத்துவைப்பதால் உண்டாகும் நட்டம் எத்தகையது என்பது பின்னர் விளங்கும்.

சிகிச்சையின் வரலாறு எதிர்பாராத ஓரிடத்திலே தொடங்குகின்றது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சென்றார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்திலே கடுமையான குருதிச்சோகையால் வருந்தினர். பலவகை உணவுகளை ஆராய்ந்த அவர், மதுவச் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டார். அச்சாறு வேறொன்றுமன்று, இந்நாட்டு வீடுகளிற் பாணிலே பூசி உண்ணும் மாமைற்றே அது. அதிலிருந்த அரும்பொருள் பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1941இற் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தனர். புதிய குருதிக் கலங்கள் உருவாவதற்கு அது இன்றியமையாதது.

அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரச் சிறுவர் மருத்துவமனையிற் பணியாற்றிய சிட்னி ஃபாபர் என்பவர், லியூக்கேமியாவால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு இவ்வமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக, விரைவதுபோலத் தோன்றியது. சோர்ந்துபோக வேண்டிய அவ்விடத்திலே அவர் வேறு வகையாகச் சிந்தித்தார். நோய்க்கலங்கள் இவ்வமிலத்தை உண்டு பெருகுகின்றன என்றால், இதனைப்போலவே தோன்றும் ஒரு பொய்ப்பொருளைக் கொடுத்தால் அவை ஏமாந்து அதனை உட்கொண்டு பட்டினியால் மடியும் அன்றோ?

அப்பொய்ப்பொருளை ஆக்கிக் கொடுத்தது லெடர்லி ஆய்வுகூடம். அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர். அவர் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் குறைந்த சான்றிதழையே பெற்றார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் அமெரிக்கா சென்ற அவருடைய கூடத்திலிருந்தே அமினொப்தெரின் என்னும் மருந்து ஃபாபரின் கைக்கு வந்தது. 1948 ஜூன் மாதத்தில் ஃபாபர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது. சில மாதங்களில் நோய் மீண்டும் வந்தது என்பது உண்மையே. ஆயினும் மருந்தொன்றால் சிறுவரின் கடும் லியூக்கேமியா பின்வாங்கியது அதுவே முதன்முறை. அக்கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில் சுப்பாராவ் காலமானார். அவருடைய பெயரை நம் பாடநூல்கள் ஏனோ மறந்துவிட்டன. அம்மருந்தின் உடன்பிறப்பாகிய மெதொற்றெக்சேற் இன்றும் இந்நோய்க்கு வழங்கப்படுகின்றது.

அடுத்து வந்த மருந்து நம் வீட்டு முற்றத்துச் செடியிலிருந்து கிடைத்தது. தமிழகத்தில் நித்தியகல்யாணி என்றும், யாழ்ப்பாணத்திற் பட்டிப்பூ என்றும் வழங்கும் செடியை நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். மடகாஸ்கர் தீவு அதன் தாயகம். ஜமைக்காவில் அதன் இலையை நீரிழிவுக்கு மருந்தாகக் குடித்து வந்தனர். 1950களிற் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ரொபேட் நோபிள் என்னும் ஆய்வாளர் அவ்விலைச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார். குருதியிற் சீனியின் அளவு குறையவில்லை. வெண்குழியங்களின் எண்ணிக்கையே குறைந்தது. நீரிழிவுக்கு மருந்து தேடியவர், புற்றுநோய்க்கு மருந்தைக் கண்டெடுத்தார். அச்செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கிராம் வின்கிறிஸ்ரின் பெற ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மாணவர்கள் இதனைப் படித்துவிட்டு அச்செடியின் இலையை மென்று பார்க்கலாகாது, அது நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே.

தனித்தனியே கொடுத்த மருந்துகள் நோயைத் தணித்தனவேயன்றித் தீர்க்கவில்லை. ஒரு மருந்துக்குத் தப்பிய கலம் மீண்டும் பெருகியது. 1962இல் மெம்பிஸ் நகரிலே திறக்கப்பெற்ற புனித ஜூட் மருத்துவமனையின் டொனல்ட் பிங்கல், பல மருந்துகளை ஒருங்கே கொடுத்ததோடு, நோய்க்கலங்கள் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீரில் ஒளிந்திருப்பதையும் உணர்ந்து அவ்விடத்திற்கும் சிகிச்சை அளித்தார். 1960களின் இறுதியில் அவரிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முற்றாகக் குணமடைந்தனர். இன்று செல்வ நாடுகளில், நிணநீர்க்கல வகையைச் சேர்ந்த கடும் லியூக்கேமியா கண்ட பத்துக் குழந்தைகளுள் ஒன்பது பேர் வரை பிழைக்கின்றனர்.

வளர்ந்தோரைத் தாக்கும் நாட்பட்ட மச்சை வகை லியூக்கேமியாவின் கதை சுருக்கமானது, ஆயினும் அழகானது. 1960இற் பிலடெல்பியா நகர ஆய்வாளர் இருவர் இந்நோயாளரின் கலங்களில் ஒரு நிறமூர்த்தம் குட்டையாக இருப்பதைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதே அதற்குக் காரணம் என 1973இல் ஜனெற் றௌலி என்னும் அம்மையார் காட்டினார். அவ்வொட்டிலே பிறக்கும் புரதம், 'பெருகு, பெருகு' என்று ஓயாது ஆணையிடுகின்றது. அப்புரதத்தின் வாயை மட்டும் அடைக்கும் இமற்றினிப் என்னும் மாத்திரை 2001இல் அனுமதி பெற்றது. நாள்தோறும் மாத்திரை உண்டு, வேலைக்குச் சென்று, ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ்வோர் இன்று பலர்.

இனி, அண்மைக் காலத்து ஆய்வுகளை நோக்குவோம். நம் குருதியில் ரி-கலங்கள் எனும் வெண்குழியங்கள் உள்ளன. பகைக் கலங்களை இனங்கண்டு கொல்வது அவற்றின் தொழில். புற்றுக்கலம் நம் உடலிலேயே பிறந்த கலமாதலால் அவற்றின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஆகவே நோயாளியின் ரி-கலங்களை வெளியே எடுத்து, புற்றுக்கலத்தின் மேலுள்ள அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு கொளுக்கியின் பரம்பரையலகை அவற்றுட் புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். கார்-ரி சிகிச்சை என்பது இதுவே. பரம்பரையலகை உள்ளே கொண்டுசெல்லும் வண்டியாகப் பயன்படுவது, எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசிலிருந்து பல்லைப் பிடுங்கி ஆக்கிய ஒன்று. பாம்பைப் பல்லைப் பிடுங்கி ஆட்டிவைப்பது நம்மவர்க்குப் புதிதன்று!

2012இற் பிலடெல்பியாவிலே, எல்லா மருந்துகளும் பயனற்றுப்போன ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இச்சிகிச்சையால் உயிர் பிழைத்தாள். பத்தாண்டு கடந்த பின்னரும் நோய் மீளவில்லை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்முறை, 2018 முதல் இங்கிலாந்தில் அரச மருத்துவ சேவையின் வழியாகவும் கிடைக்கின்றது. 2023இல் இந்தியாவிலேயே ஆக்கிய கார்-ரி மருந்து ஒன்று, அமெரிக்க விலையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குக்கு வெளிவந்தது.

நோய் ரி-கலங்களிலேயே தோன்றிவிட்டால் இம்முறை இடர்ப்படும். ரி-கலங்களை அழிக்க ரி-கலங்களை அனுப்பினால் அவை ஒன்றையொன்று கொன்றுகொள்ளும் அல்லவா? 2022இல் இலண்டன் கிரேற் ஒமண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனையில் இதற்கும் வழி கண்டனர். நலமுள்ள ஒருவர் வழங்கிய ரி-கலங்களை எடுத்து, அவற்றின் மரபுரையில் ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றும் நுட்பத்தால், ஒன்றையொன்று தாக்காதவாறு செய்தனர். அவற்றைப் பெற்ற 13 வயதுச் சிறுமியின் உடலில் நோய் 28 நாள்களிற் கண்ணுக்குத் தெரியாது ஒடுங்கியது. ஆனால் அவளுடைய குருதித் தொழிற்சாலை மீண்டும் இயங்கும் பொருட்டு, அதன் பின்னர் அவளுக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் புதிய மருத்துவமும் இறுதியில் வேறொரு மனிதரின் மச்சையை நாடியே நின்றது என்பதைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

மச்சை மாற்றுச் சிகிச்சையை உருவாக்கிய டொனல் தோமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இலேயே இதனைத் தொடங்கிவிட்டது. முறை அறிந்ததாயினும் பொருத்தமான கொடையாளி வேண்டுமே! குருதிக்கொடைக்குக் குருதி வகை பொருந்தினாற் போதும். மச்சைக்கோ கலங்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. என்னும் அடையாளங்கள் பொருந்தவேண்டும். இவை ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் கொண்டவை. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாக வருபவை. ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பெற்றோரின் பாதிப் பொருத்தத்தோடு செய்யும் முறையும் இப்பொழுது வளர்ந்து வருகின்றது எனினும், முழுப் பொருத்தமுள்ள கொடையாளியையே மருத்துவர்கள் முதலில் தேடுகின்றனர்.

குடும்பத்திலே பொருந்துவோர் இல்லையெனில் அயலாரிடையே தேடவேண்டும். அன்ரனி நோலன் என்னும் சிறுவனுக்காக அவனுடைய தாய் ஷேர்லி 1974இல் இலண்டனிற் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. அச்சிறுவனுக்குப் பொருத்தம் கிடைக்காமலே அவன் 1979இல் இறந்தான், பதிவேடு நிலைத்தது. இன்று உலகப் பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைந்து, நான்கு கோடிக்கு மேற்பட்ட கொடையாளரைக் கொண்டுள்ளன. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடும் அவற்றுள் ஒன்று.

நான்கு கோடிப் பேர் இருந்தும் நம் பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை? எச்.எல்.ஏ. அடையாளங்கள் மூதாதையர் வழியே வருவன. தமிழ்ப் பிள்ளைக்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் தென்னாசியரிடையே, அதிலும் தமிழரிடையே, இருக்கக்கூடும். பதிவேடுகளிலோ ஐரோப்பிய வழியினரே மிகுதி. அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஐரோப்பிய வழியினருள் நூற்றுக்கு 75 பேருக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு உண்டு. தென்னாசிய வழியினருக்கு அவ்வாய்ப்பு அதன் பாதியைக்கூட எட்டவில்லை. மருந்துக்கூடங்கள் எத்தனை எழுந்தாலும் நிரப்ப முடியாத குறை இது. நோயின் பெயரையே மறைக்கும் சமூகத்தில் அந்நோய்க்காகக் கொடையாளராகப் பதிவோர் குறைந்திருப்பதில் வியப்பென்ன?

பதிவு செய்வது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினாற் போதும். பொருத்தம் நேர்ந்து அழைப்பு வந்தால், பத்தில் ஒன்பது கொடைகள் குருதியின் வழியாகவே பெறப்படுகின்றன. நான்கு நாள்கள் ஊசி மருந்து பெற்று மூலக்கலங்களைக் குருதிக்கு வரச்செய்து, ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து குருதியை எடுத்து, இயந்திரத்தில் மூலக்கலங்களைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை மறுகையில் ஏற்றுவர். நான்கைந்து மணி நேரம் ஆகும். ஊசி பெறும் நாள்களில் எலும்பு நோவும் தலையிடியும் ஏற்படலாம். ஏனையோருக்கு மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மச்சையை எடுப்பர். முதுகுத் தண்டிலிருந்து எடுப்பர், பிள்ளை நடமாட முடியாது போகும் என்று பெற்றோர் அஞ்சுவது தவறு. முண்ணாண் வேறு, எலும்பு மச்சை வேறு. கொடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ஒன்றை மாத்திரம் வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்தல் நன்று. மாற்றுச் சிகிச்சைக்குச் சில நாள்களுக்கு முன்னர் நோயாளியின் பழைய மச்சையை மருந்தால் அழித்துவிடுவர். அந்நிலையிற் கொடையாளி பின்வாங்கினால் நோயாளி உயிர் தப்புதல் அரிது. உறுதியில்லாதவர் பதிவு செய்யாதிருப்பதே மேல் என்பது எமது கருத்து.

அன்ரனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயது வரையுள்ளோரை ஏற்கின்றது. அதாவது நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் சிலர் இப்போதே தகுதி பெற்றுவிட்டனர். பெற்றோரைப் பொறுத்தவரை, டி.கே.எம்.எஸ். பதிவேடு 55 வயது வரை ஏற்கின்றது. ஒருமுறை பதிந்தவரின் பெயர் 61ஆம் பிறந்தநாள் வரை அன்ரனி நோலன் பதிவேட்டில் இருக்கும். பொருத்தம் அடுத்த மாதமே நேரலாம். இருபது ஆண்டுகளின் பின்னரும் நேரலாம். ஆகவே பல்கலைக்கழகத்திற்கென வீடு மாறும் மாணவர்கள், புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பதிவேட்டிற்கு அறிவிக்க மறத்தலாகாது.