முளைத்த பயறெல்லாம் பச்சையாக உண்ணலாமா?

சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? பிசான நெல்லை அறுத்த பிறகு, மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பி உளுந்தும் சிறுபயறும் விதைப்பது உண்டு. இரண்டொரு நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும். அதே சிறுபயற்றை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் வீட்டிலும் முளைக்கிறது. அதை அப்படியே மென்று தின்கிறோம். அப்படியானால் மொச்சையையும் ராஜ்மாவையும் முளைகட்டிப் பச்சையாகத் தின்னலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

விதையின் தற்காப்பு

விதைக்குள் இளஞ்செடிக்கு வேண்டிய உணவு சேமிக்கப்பட்டிருக்கிறது. புழுவும் பூச்சியும் எலியும் அந்த உணவைத் தேடி வருகின்றன. விதையால் ஓட முடியாது. எனவே பல விதைகள் தம்முள் நச்சுப்பொருள்களை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒரு வகை லெக்டின் எனப்படும் புரதங்கள். இவை நம் குடற்சுவரின் செல்களில் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகின்றன.

ராஜ்மாவில் லெக்டின் மிக அதிகம். நான்கைந்து பச்சை விதைகளே ஒருவரை நோயுறச் செய்யப் போதும். தின்ற 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு ஏற்படும். அரைகுறையாக வேகவைப்பது இன்னும் ஆபத்து. 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே சூடேறிய ராஜ்மாவில் நச்சுத்தன்மை பச்சை விதையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடியிருக்கலாம் எனக் கண்டுள்ளனர். ஆகவே ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரை மணி நேரமாவது நன்கு கொதிக்கவிட வேண்டும்.

மொச்சையிலும் டபுள் பீன்ஸிலும் வேறொரு பொருள் இருக்கிறது. பச்சை விதையை மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சை வெளிவிடும்.

முளைத்தால் நஞ்சு போய்விடாதா?

விதை நீரை உறிஞ்சியதும் அதிலுள்ள நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாகிறது. உலர்ந்த பயற்றில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் இருந்த இந்தியப் படைவீரர்கள் பலர் ஸ்கர்வி நோயால் வருந்தினார்கள். முளைத்த பயறு அந்நோயைத் தடுக்கும் என்பதை ஹாரியட் சிக் என்ற ஆங்கில விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் அக்காலத்தில் சோதனைகளால் காட்டினார்கள்.

ஆனால் முளை விடும்போது நச்சுப்பொருள்கள் ஓரளவே குறைகின்றன. தொடக்கத்திலேயே நஞ்சு குறைவாக உள்ள சிறுபயற்றுக்கு அது போதும். நஞ்சு மிகுந்த ராஜ்மாவுக்குப் போதாது. அங்கே அடுப்புத்தான் துணை.

அடுப்படி சொல்லும் பாடம்

நம் முன்னோர் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ராமநவமிக் கோசுமல்லிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்தால் போதும், வேகவைப்பதில்லை. கொண்டைக்கடலையும் மொச்சையும் வெந்த பிறகே சுண்டலாகின்றன.

ஆற்றின் போக்குக்கு எதிரே பாபநாசம் மலைக்குச் செல்லுங்கள். அங்கு வாழும் காணி மக்கள் பூனைக்காலி இனத்து விதைகளை உண்பது உண்டு. அவ்விதைகளில் எல்-டோப்பா என்னும் பொருள் மிகுதி. நடுக்குவாத நோய்க்கு மருந்தாகும் அதே பொருள், உணவில் மிகுந்தால் கேடு செய்யும். அது புரதமன்று, எனவே வெறும் சூட்டால் எளிதில் அழியாது. ஆனால் வெந்நீரில் கரையும். காணி மக்கள் விதையை வேகவைத்து, நீரைக் கொட்டி, மீண்டும் புதிய நீரில் வேகவைத்து, இவ்வாறு பலமுறை செய்த பிறகே உண்கிறார்கள். எவ்வளவு நுட்பமான வேதியியல்!

எதை எப்படி உண்பது?

1. முளைகட்டிப் பச்சையாக உண்ணத் தக்கவை: சிறுபயறு, உடைக்காத மைசூர்ப்பருப்பு, சிறிதளவு வெந்தயம்.

2. முளைகட்டிய பின் ஆவியிலாவது வேகவைக்க வேண்டியவை: காணம் (கொள்ளு), தட்டைப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை. பச்சையாகத் தின்றால் இவை செரிப்பது கடினம்.

3. முளைத்தாலும் பச்சையாகக் கூடாதவை: ராஜ்மா, மொச்சை, டபுள் பீன்ஸ், சோயா, வாளவரை. இவற்றை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

4. எவ்வகையிலும் வாயில் வைக்கக் கூடாதது: குன்றிமணி. இதுவும் பயற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதிலுள்ள ஆப்ரின் உயிரைப் பறிக்கும்.

விதைப்பதற்கென்று வாங்கிய பயற்றை ஒருபோதும் முளைகட்டித் தின்னாதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம்.

இன்னோர் ஆபத்து

விதை முளைக்க ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். பாக்டீரியாக்களுக்கும் அவையே வேண்டும். ஏற்ற சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். 8 மணி நேரத்தில் 24 முறை. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒன்று 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்! 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தின் வழியாக ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா பரவியது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் இறந்தனர். தவறு வெந்தயத்தினுடையது அன்று. அதில் ஒட்டியிருந்த கிருமியினுடையது.

எனவே பயற்றைக் கல், சொத்தை நீக்கி மூன்று நான்கு முறை கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரிலேயே ஊறவையுங்கள். ஆற்று நீரும் வாய்க்கால் நீரும் வேண்டாம். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் அலசிய துணியில் முடியுங்கள். காலையும் மாலையும் அலசுங்கள். முளை வந்ததும் அன்றே உண்டுவிடுங்கள். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள். இவ்வளவு செய்தாலும் விதையின் இடுக்கில் கிருமி தங்கக்கூடும். ஆகையால் கைக்குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்குச் சிறுபயற்று முளையையும் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மூன்று கிண்ணங்களில் ஈரத்துணி விரியுங்கள். ஒன்றில் முழுச் சிறுபயறு, இரண்டாவதில் உடைத்த பாசிப்பருப்பு, மூன்றாவதில் 10 நிமிடம் கொதிக்கவைத்த முழுச் சிறுபயறு ஆகியவற்றை இடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். முதலாவது மட்டுமே முளைத்திருக்கும். உடைத்த பருப்பில் முளைக்கருவுக்கு ஊறு நேர்ந்துவிட்டது. கொதித்த பயற்றில் நொதிகள் உருக்குலைந்துவிட்டன. நொதிகள் புரதங்கள், லெக்டினும் புரதமே. கொதிநீரில் ராஜ்மாவின் நஞ்சு எப்படி அழிகிறது என்பதை இனி நீங்களே சொல்லிவிடலாம், அல்லவா?