பாங்காக்கில் ஒரு பகல், ஏர்போர்ட் ஓரத்தில் ஒரு ராத்திரி

பாங்காக்குக்கு விமான நிலையம் இரண்டு. கிழக்கே, 2006-இல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி. வடக்கே, அதற்கு முன் பல பத்தாண்டுகள் நகரத்தின் பிரதான வாசலாக இருந்த டான் முயாங். இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக 45 கிலோமீட்டர் போல வரும். கிராபி, புக்கெட் பக்கமிருந்து வரும் மலிவுக் கட்டண விமானங்களில் பல டான் முயாங்கில்தான் இறங்குகின்றன. ஊர் திரும்பும் விமானமோ சுவர்ணபூமியிலிருந்து. கடற்கரை விடுமுறையின் கடைசியில் பாங்காக்கில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு, அந்த இரவை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

சென்னை அம்பத்தூர் பள்ளி ஆசிரியை ஒருவர் இந்தக் கேள்வியை இன்னும் விடுவதாக இல்லை. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு கிராபிக்குப் போய் வந்தவர் அவர். கடலைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் முடித்துவிடுகிறார்: ரெய்லே கடற்கரைக்குச் சாலை கிடையாது, சுண்ணாம்புப் பாறைகள் மறித்து நிற்கின்றன, லாங்டெயில் படகில்தான் போக வேண்டும்; மே மாதம் அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், படகு ஓடாத நாளும் உண்டு, அதனால் கடைசி நாளில் தீவுப் பயணம் வைக்கவே கூடாது. தாய்லாந்து 2025 மே முதல் கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டைக்கு அவர் தரும் இடம் அரை வரி: “அது போன்லயே முடிஞ்சிடும்.”

ஹோட்டல் என்ற பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்.

யோசனை சொன்னது கொழுந்தனார். “அண்ணி, மறுநாள் பிளைட் சுவர்ணபூமிலதானே? ஏர்போர்ட் பக்கத்துலயே ரூம் போட்டுடுங்க. டென்ஷனே இருக்காது.” டிராவல்ஸ்காரரும் அதையே சொன்னார். வாடகையும் குறைவு. கணவருக்குத் தம்பி சொன்னால் வேதவாக்கு. கிராபியிலிருந்து வரும் விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்பதை இந்த மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் ஆசிரியையின் குற்றப்பத்திரிகை.

பிற்பகலில் டான் முயாங்கில் இறங்கினார்கள். பெட்டிகள் வந்து சேர்ந்து, டாக்சிக்கு வரிசையில் நின்று, ஏறி உட்கார்ந்தபோது மழை. பாங்காக் டாக்சியில் மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50 பாட் உண்டு. விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் பயணியின் தலையில். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு சேர்ந்து ஊர்ந்து, ஹோட்டலை அடைந்தபோது இருட்டிவிட்டது. சுற்றிலும் கிடங்குகளும் ஒரு மளிகைக் கடையும்தான். அங்கே வாங்கிய வெறும் சோற்றில், கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து மாமியார் சாப்பிட்டார். “இதைச் சாப்பிட இவ்வளவு தூரம் வரணுமாம்மா?” என்று அவர் கேட்டது மருமகளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அவருடைய கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. டான் முயாங்கிலிருந்து 2021-இல் ஓடத் தொடங்கிய சிவப்புத் தட ரயில், சாலை நெரிசலோடு சம்பந்தமில்லாமல் முன்பு பாங் சூ பெரிய நிலையம் என்று அழைக்கப்பட்ட கிருங் தேப் அபிவத் நிலையத்துக்குக் கொண்டுவிடும். அங்கிருந்து மெட்ரோவின் நீலத் தடத்தில் சனாம் சாய் நிலையம் வரை போகலாம். வெளியே வந்தால் வாட் போ கோயில் நடக்கும் தூரம், அடுத்து ஆறு. அந்தப் பக்கம் ஓர் அறை போட்டிருந்தால் முதல் நாள் மாலையே 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரைப் பார்த்திருக்கலாம். பக்கத்திலுள்ள பெரிய அரண்மனை மதியம் மூன்றரைக்கே அனுமதியை முடித்துக்கொள்ளும். வாட் போ மாலை வரை திறந்திருக்கும். டாக்சிதான் வேண்டுமென்றாலும் நகருக்குள் போவது இரண்டு நிலையங்களுக்கு நடுவே குறுக்கே ஓடுவதைவிட மேல் என்கிறார். இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது, அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் ஏறலாம் என்பதையும் ஊருக்கு வந்த பிறகே படித்தாராம். கொழுந்தனாருக்கு அந்தத் தகவலை உடனே அனுப்பிவைத்தார்.

மறுநாள் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. விமானம் இரவில்தான். காலையிலேயே பெட்டிகளைச் சுவர்ணபூமியில் சாமான் காப்பகத்தில் போட்டுவிட்டு, நகர ரயிலில் பாயா தாய் வரை வந்தார்கள். தலைக்கு 45 பாட், அரை மணி நேரம். அங்கே மேம்பால ரயிலுக்கு மாறி, சியாமில் இன்னொரு தடம் பிடித்து, சபான் தாக்சினில் இறங்கினால் காலடியிலேயே படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகில் 16 பாட். அரண்மனைக்கு இறங்க வேண்டிய துறை தா சாங்.

அரண்மனைக்குப் போகும் வழியில் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, இன்று விசேஷம், மதியம்தான் திறப்பார்கள், அதுவரை துக்துக்கில் குறைந்த காசுக்கு ஊர் சுற்றலாம் என்றார். பல வருடங்களாக நடக்கும் ஏமாற்று இது. சுற்றல் ரத்தினக் கடையில் போய் முடியும். ஆசிரியை பதிலே சொல்லாமல் பிரதான வாசல் வரை நடந்தார். திறந்துதான் இருந்தது. இதைச் சொல்லும்போது முகத்தில் தனி வெளிச்சம்.

வாசலில் நிறுத்தப்பட்டவர் அவருடைய கணவர். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கடற்கரையில் போட்ட அரைக்கால் சட்டையிலேயே வந்திருந்தார். பேண்ட் பெட்டியில் இருந்தது, பெட்டி ஏர்போர்ட்டில் இருந்தது. எதிர்க் கடையில் யானைப் படம் போட்ட கால்சட்டை வாங்கித்தான் உள்ளே போனார். நகர உடையைக் கைப்பையில் வையுங்கள் என்பது ஆசிரியையின் அடுத்த கட்டளை. அந்தக் கால்சட்டைப் புகைப்படத்தைக் காட்டித்தான் அதைச் சொல்கிறார்.

டிக்கெட் 500 பாட். முதலாம் ராமா 1782-இல் தொடங்கிய அரண்மனை. மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய பிராகாரச் சுவர் நெடுக ராமாயணத்தின் தாய்லாந்து வடிவம், 178 ஓவியங்களில். பிள்ளைகளை மாமியார் அங்கேதான் பிடித்துக்கொண்டார். அனுமார் வாயைத் திறந்து படையையே மறைக்கிறாரே, இது நம்ம கதையில் இல்லையே என்று அவரே தொடங்கிய விவாதம் வாட் போ வரை நீண்டது.

ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண் தெரிந்தது. விட்டுவிட்டார்கள். பதிலாக சீலோம் பகுதியின் மகா மாரியம்மன் கோயில். அங்கே குடியேறிய தமிழர்கள் 1870-களில் எழுப்பியது. டாக்சிக்காரரிடம் ‘வாட் கேக்’ என்று சொன்னால் புரியும். சுராசக் நிலையத்திலிருந்து நடந்தும் போகலாம். அக்கம்பக்கத்தில் தோசை கிடைக்கும் என்பதால் மாமியாரின் முதல் நாள் கணக்கும் நேரானது. மாலை நெரிசலுக்கு முன்பே ரயிலில் சுவர்ணபூமி திரும்பிவிட்டார்கள்.

ஆசிரியையின் யோசனைகளில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாரும் இரவு விமானத்தில்தான் போகிறார்கள், எல்லாருக்கும் தோசை தேடும் மாமியார் இருக்கிறார் என்பது அவர் எண்ணம். கொழுந்தனார் அந்த இடத்தில்தான் பிடிக்கிறார். “விடிகாலை பிளைட்டா இருந்தா என்ன பண்ணுவீங்க அண்ணி?” நியாயமான கேள்வி. நகர ரயில் காலை ஐந்தரை வாக்கில்தான் ஓடத் தொடங்கும். ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. அப்போது ஏர்போர்ட் ஓர ஹோட்டல்தான் சரி.

ஆசிரியை ஒப்புக்கொள்வதாக இல்லை. “ஆறு மணி பிளைட்டை யாரு தம்பி போடச் சொன்னா?”