எழுபது புள்ளி விட்ட பிள்ளைகள்

அமெரிக்க நாட்டின் தெற்கே புளோரிடா என்று ஒரு மாநிலம். அங்கே மயாமி என்னும் கடற்கரை நகரம். அந்த நகரை ஒட்டிய பெரிய மைதானத்தில், 2012-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி இரவு, ஒரு பந்தாட்டம் நடந்தது. ஆடியவர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்கள். 18 வயது முதல் 22, 23 வயது வரை உள்ள பிள்ளைகள்.

ஒரு பக்கம் கிளெம்சன் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். ஆட்டம் முடிந்தபோது மேற்கு வர்ஜீனியா எடுத்தது 70 புள்ளி. கிளெம்சன் எடுத்தது 33 புள்ளி.

இது எவ்வளவு பெரிய தோல்வி? அது புரிய வேண்டுமானால் முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டும்.

இதன் பெயர் அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் கால்பந்து. ஆடுவது பெரும்பாலும் கையால்! பந்தும் உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூர்மையாக, உரிக்காத சிறு தேங்காய் போல இருக்கும். மைதானம் 100 கஜ நீளம். இரண்டு முனையிலும் பத்துப் பத்துக் கஜம் கூடுதலாக உண்டு. எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம் வரும். ஒரு கஜம் என்பது 3 அடி. பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள்.

பந்தை வைத்திருக்கும் அணி எதிரணியின் கோட்டை நோக்கி முன்னேற வேண்டும். பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் ஓடும் தோழருக்கு எறியலாம். எதிரணியினர் அவரைப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். கபடியில் பாடி வருபவரை அமுக்கிப் பிடிக்கிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அப்படித்தான். 10 கஜம் முன்னேற 4 வாய்ப்பு உண்டு. நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் 6 புள்ளி. அதன் பிறகு ஒரு சிறு உதைக்கு 1 புள்ளி. தூரத்தில் இருந்து உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பினால் 3 புள்ளி. ஓர் அணியிலேயே இரண்டு கூட்டம் இருக்கும். பந்தோடு முன்னேற ஒரு கூட்டம். எதிரணியைத் தடுக்க இன்னொரு கூட்டம்.

கல்லூரி அணிகளின் ஆட்டங்கள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். நன்றாக ஆடிய அணிகளை டிசம்பர், ஜனவரி மாதங்களில் சிறப்பு ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். அவற்றுக்கு 'பவுல்' என்று பெயர். பவுல் என்றால் கிண்ணம். ஆட்டம் நடக்கும் அரங்கம் கிண்ணம் போல இருந்ததால் வந்த பெயர். மயாமியில் நடப்பது ஆரஞ்சு பவுல். அதற்கு அழைக்கப்படுவதே பெரிய பெருமை.

கிளெம்சன் ஒரு சிற்றூர். தென் கரோலினா மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1889-இல் விவசாயக் கல்விக்காக நிறுவப்பட்டது. ஊர் சிறியதுதான். ஆனால் மைதானம் ஏறக்குறைய 80,000 பேர் உட்காரக்கூடியது. ஆட்ட நாளில் சுற்று வட்டாரம் முழுவதும் அங்கே வந்துவிடும். 2011-இல் இந்த அணி தொடர்ந்து 8 ஆட்டங்களில் வென்றது. பிறகு சற்றுத் தடுமாறியது. ஆனாலும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு தன் வட்டாரக் கோப்பையை வென்றது. அந்த மகிழ்ச்சியோடுதான் மயாமிக்குப் போனார்கள்.

அணியில் இளம் பிள்ளைகள் அதிகம். சாமி வாட்கின்ஸுக்கு வயது 18. முதலாண்டு மாணவர். எறியும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. அந்த ஆண்டில் 82 பந்துகளைப் பிடித்திருந்தார். டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு வயது 19. அவர் வேலையும் அதுவே. பந்தை எறியும் டாஜ் பாய்டுக்கு வயது 21. முதன்மை எறிவீரராக அதுதான் அவருக்கு முதல் ஆண்டு.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. முதல் கால் பகுதி முடிந்தபோது கிளெம்சன் 17, மேற்கு வர்ஜீனியா 14.

இரண்டாம் கால் பகுதியில் எதிரணி 21-க்குப் போனது. கிளெம்சன் விடவில்லை. பந்தை எதிரணியின் கோடு வரை கொண்டு போனது. இன்னும் ஓர் அடி வைத்தால் 6 புள்ளி. அந்த நெருக்கடியில் கிளெம்சன் வீரரின் கையில் இருந்து பந்து நழுவியது. எதிரணி வீரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். 99 கஜம்! மறுமுனை வரை ஓடிப் புள்ளி எடுத்தார். அங்கே ஒருவர் ஆரஞ்சுப் பழ வேடம் போட்டு நின்றிருந்தார். ஓடிவந்த வீரர் மகிழ்ச்சியில் அவர் மேல் பாய்ந்து, ஆளையே சாய்த்துவிட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கிளெம்சன்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு அணையில் உடைப்பு எடுத்தது போல ஆயிற்று. பாதி ஆட்டத்தில் 49-க்கு 20. முடிவில் 70-க்கு 33. அதுவரை எந்தப் பவுல் ஆட்டத்திலும் எந்த அணியும் 70 புள்ளி எடுத்ததில்லை.

நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்? வெல்ல வேண்டிய இடத்தில் போய்த் தோற்பதற்குக் 'கிளெம்சனிங்' என்றே ஒரு சொல் உலவியது. ஊரின் பெயரே ஏளனச் சொல் ஆகிவிட்டது.

இங்கே படிப்பதைச் சற்று நிறுத்துங்கள். அந்த அணியின் பயிற்சியாளர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலை என்ன செய்வீர்கள்? பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மேலே படியுங்கள்.

பயிற்சியாளர் பெயர் டாபோ ஸ்வினி. வறுமையில் படித்தவர். அவர் கல்லூரியில் படித்தபோது அவருடைய தாய்க்கு இருக்க இடம் இல்லை. மகன் நண்பரோடு தங்கியிருந்த அறையிலேயே தாயும் வந்து தங்கினார். ஸ்வினியும் இந்த ஆட்டம் ஆடியவர்தான். ஆனால் எந்த அணியும் அவரை உதவித்தொகை கொடுத்து அழைக்கவில்லை. தாமே போய்ச் சேர்ந்து, பிறகு இடம் பிடித்தவர்.

அவர் பிள்ளைகளைக் கைவிடவில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்தார். பந்தோடு முன்னேறும் கூட்டம் 33 புள்ளி எடுத்திருந்தது. அது குறைவு அல்ல. ஓட்டை தடுக்கும் கூட்டத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பான பயிற்சியாளர் மாற்றப்பட்டார். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு அனுபவம் பெற்ற பிரெண்ட் வெனபிள்ஸ் அந்த மாதமே வந்து சேர்ந்தார்.

கல்லூரி அணி என்பது ஓடும் ஆறு போன்றது. ஒரு மாணவர் பொதுவாக 4 பருவங்கள்தான் ஆட முடியும். ஆண்டுதோறும் பலர் படிப்பை முடித்துப் போவார்கள். புதியவர்கள் வருவார்கள். அதனால் தோற்ற அணியில் யார் பெரியவர்கள், யார் சின்னவர்கள் என்று பார்ப்பது வழக்கம். சின்னவர்கள் அதிகம் என்றால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் அது உறுதியல்ல. சின்ன வயதில் வழி தவறவும் நேரம் ஆகாது.

வாட்கின்ஸுக்கு அப்படித்தான் ஆயிற்று. 2012 மே மாதம் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். எத்தனை பெரிய ஆட்டக்காரர் என்று பார்க்காமல், ஸ்வினி அவரை 2 ஆட்டங்களுக்கு வெளியே நிறுத்தினார். முந்திய ஆண்டில் 82 பந்து பிடித்தவர், அந்த ஆண்டில் 57 பந்துதான் பிடித்தார். பலரும் புகழ்ந்த 18 வயதுப் பிள்ளை, 19 வயதில் தலைகுனிந்து நின்றார்.

அப்போது ஹாப்கின்ஸ் முன்னுக்கு வந்தார். அவர் கிளெம்சனுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். குழந்தையாக இருந்தபோதே தந்தை விபத்தில் இறந்துவிட்டார். அவருக்கு 10 வயதானபோது, ஒரு பெண் அவருடைய தாயின் முகத்தில் அரிக்கும் திரவத்தை ஊற்றிவிட்டாள். தாய்க்குப் பார்வை போய்விட்டது. அந்தத் தாய் மகனுடைய ஆட்டங்களுக்கு வருவார். நடப்பதை மகள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கேட்பார். பிற்காலத்தில் ஹாப்கின்ஸ் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். புள்ளி எடுத்ததும், அந்தப் பந்தைத் தாயின் கையில் கொண்டு வந்து கொடுப்பது அவர் வழக்கம் ஆயிற்று.

2012 டிசம்பர் 31. அட்லாண்டா நகரில் மீண்டும் ஒரு பவுல் ஆட்டம். எதிரே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். முந்திய பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போன அணி. தொடக்கத்திலேயே வாட்கின்ஸ் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். கடைசிக் கால் பகுதியில் கிளெம்சன் 13, எதிரணி 24. மறுபடியும் அதே கதைதான் என்று பலர் நினைத்திருப்பார்கள்.

கிளெம்சன் மெல்ல மெல்ல 22-க்கு வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது பந்து கைக்கு வந்தது. முதல் மூன்று வாய்ப்பும் வீண். முன்னேறுவதற்குப் பதில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இனி ஒரே வாய்ப்பு. தேவை 16 கஜம். தவறினால் பந்து போய்விடும். ஆட்டமும் போய்விடும்.

பாய்ட் எறிந்தார். ஹாப்கின்ஸ் பிடித்தார். 26 கஜம்!

அப்படியே முன்னேறிப் போனார்கள். கடைசி நொடியில் 37 கஜத்தில் இருந்து ஓர் உதை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. கிளெம்சன் 25, லூசியானா 24. அந்த ஆட்டத்தில் ஹாப்கின்ஸ் பிடித்த பந்துகள் 13.

பாய்ட் அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போக முயன்றிருக்கலாம். அங்கே பெரும் பணம் உண்டு. அந்த நாளில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். (விளம்பரத்தில் சம்பாதிக்க 2021-இல்தான் அனுமதி வந்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்க 2025-இல் வழி பிறந்தது.) அவர்களை வைத்து மைதானமும் தொலைக்காட்சியும் கோடி கோடியாகச் சம்பாதித்தன. உடம்பை வருத்தி அடிபட்ட பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லாமல் இருந்தது நியாயம் என்று சொல்ல முடியாது. இருந்தும் பாய்ட் இன்னும் ஓர் ஆண்டு கல்லூரியில் இருக்க முடிவு செய்தார்.

2014 ஜனவரி 3. மறுபடியும் ஆரஞ்சு பவுல். அதே மைதானம். எதிரணி ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். வாட்கின்ஸ் 16 பந்துகளைப் பிடித்து 227 கஜம் சேர்த்தார். ஆரஞ்சு பவுலில் அது சாதனை. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் பிடித்தவை 101. கிளெம்சன் 40, ஒஹையோ 35. கடைசி நேரத்தில் ஒஹையோ எறிந்த பந்தை நடுவில் பறித்து வெற்றியை உறுதி செய்தவர் ஸ்டெஃபோன் ஆந்தனி. 70 புள்ளி விட்ட ஆண்டில் அவரும் முதலாண்டு மாணவர்தான்.

பிறகு யார் யார் என்ன ஆனார்கள்? வாட்கின்ஸும் ஹாப்கின்ஸும் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் பெற்றார்கள். பாய்டுக்கு அது அமையவில்லை. 2014-இல் ஓர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பருவம் தொடங்கும் முன்பே விட்டுவிட்டது. தொழில்முறை லீக்கின் பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கிளெம்சனை அந்தக் குழியில் இருந்து தூக்கியதில் அவர் பங்கு யாருக்கும் குறைந்தது அல்ல.

தடுக்கும் கூட்டத்தின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் விக் பீஸ்லி என்று ஒருவர். கல்லூரிக்கு வந்த புதிதில் அவர் பந்தோடு முன்னேறும் கூட்டத்தில் இருந்தார். அங்கே சரிப்படவில்லை. தடுக்கும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். 2012 ஜனவரியில் அவருக்கு 19 வயது. பெரிதாக யாரும் பேசாத பிள்ளை. அவர் எதிரணியின் எறிவீரரை, பந்து எறியும் முன்பே பாய்ந்து வீழ்த்தப் பழகினார். கல்லூரியை விட்டுப் போகும்போது அப்படி 33 முறை வீழ்த்தியிருந்தார். கிளெம்சனில் அதற்கு முன் யாரும் அவ்வளவு செய்ததில்லை.

2014-ஆம் ஆண்டுப் பருவத்தில் பீஸ்லியும் ஆந்தனியும் கடைசியாண்டு மாணவர்கள். நாட்டின் முதல்தரக் கல்லூரி அணிகளிலேயே, எதிரணியை மிகக் குறைந்த தூரம் முன்னேறவிட்ட அணி அந்த ஆண்டு கிளெம்சன்தான். டிசம்பர் 29-ஆம் தேதி, அதே புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரில் அவர்களுடைய கடைசி பவுல் ஆட்டம். எதிரே வெனபிள்ஸின் பழைய அணியான ஒக்லஹோமா. கிளெம்சன் 40 புள்ளி எடுத்தது. ஒக்லஹோமாவுக்கு அவர்கள் விட்டது 6 புள்ளி.

பயிற்சி: இந்தப் பாடத்தில் 4 பவுல் ஆட்டங்கள் வருகின்றன. அவற்றின் தேதியையும் இரண்டு அணிகளின் புள்ளிகளையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வித்தியாசம் எத்தனை புள்ளி என்று கழித்துப் பாருங்கள்.