நோயுற்ற நாயும் இல்லறத்தார் கடமையும்

நாய் ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிர் என்பது ஜினாகமத் துணிபு. இறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று எனச் சீவக சிந்தாமணி கூறும்.

வளர்ப்பு நாய்க்குத் தோல் புற்றுநோய் என மருத்துவர் உரைப்பின், கலங்காது கட்டியின் வகையையும் பரவலையும் வினவுக. மாஸ்ட் செல் கட்டியைப் பெரும்பாலும் ஊசியால் உயிரணு எடுத்தே அறியலாம். அதனை அழுத்திப் பிசைதல் கூடாது, வீக்கம் மிகும். பரவாததாயின் அறுவையால் பல நாய்கள் நலம்பெறும்.

தீராதாயின், துன்பம் நீங்கக் கொல்லலாமோ எனின், கருணையின் பெயராலும் கொலை தகாதென அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விலக்கினார். வலி தணிக்கும் மருந்து, மெல்லிய படுக்கை, அருகிருத்தல், செவியில் மந்திரம் ஆகிய இவையே நம் கடன்.