ஆறாத பூரணமும் வாய் பிளந்த முக்கோணமும்

எபிரேய நாட்காட்டியின் ஆதார் மாதத்து 14ஆம் நாள் யூதர்கள் கொண்டாடும் பூரிம், பாரசீக மன்னன் அகாஸ்வேருவின் அவையில் உயர்பதவி வகித்த ஆமான் யூதர் அனைவரையும் அழிக்கத் தீட்டிய சூழ்ச்சி அரசி எஸ்தரால் முறியடிக்கப்பட்டதை நினைவுகூரும் திருநாளாகும். அந்நாளில் அஷ்கெனாசியர், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த யூதர், பரிமாறும் பூரணம் வைத்த முக்கோண பிஸ்கட்டுக்கு ஹமன்டாஷன் என்று பெயர். அவர்களது யிட்டிஷ் மொழியில் ‘மோன்’ கசகசாவையும் ‘டாஷ்’ பையையும் குறிக்க, கசகசாப் பை எனப் பொருள்பட்ட பழம்பெயரே ஒலி ஒப்புமையால் ஆமானின் பெயரை ஏற்றுக்கொண்டது என்பது பரவலான விளக்கம்.

பெயரிலேயே கசகசா இருக்க, கடையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரி ஜாமை நிரப்பினால் போதும் என்று வாதிடும் உறவினர் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய பிளம் பழக் கூழுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்; 1731இல் பொஹீமியாவில் நஞ்சு கலந்த கூழ் விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட யூத வணிகர் ஒருவர் விடுவிக்கப்பட்ட நிகழ்வோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஜாமுக்கு அத்தகைய வரலாறு எதுவும் இல்லை.

ஆயினும் இக்கட்டுரையாளரின் அறுபது பிஸ்கட்டுகளைப் பாழாக்கியது ஜாம் அன்று, ஆறாத பூரணமே. பூரிமுக்கு முந்தைய நாள் எஸ்தர் நோன்பு என்பதாலும், அன்று விடியல் முதல் இருட்டும் வரை உண்ணலாகாது என்பதாலும், மாலையில் எஸ்தர் சுருள் வாசிப்புக்குப் புறப்படுமுன் சுட்டு முடிக்கும் அவசரம் எந்த வீட்டிலும் இருக்கும். அந்த அவசரத்தில், ‘சூட்டோடு வைத்தால்தான் பூரணம் மாவில் ஒட்டும்’ என்று அனுபவசாலி ஒருவர் உறுதிபடக் கூறியதை நம்பியதே பிழையாயிற்று. பூரணத்தின் வெப்பத்தால் மாவிலிருந்த கொழுப்பு, ஓவனுக்குள் போகுமுன்னரே இளகியது. கிள்ளி ஒட்டிய மூலைகள் பத்தே நிமிடத்தில் விட்டுக்கொடுத்தன. கசகசா வழிந்து தட்டில் தார்போலக் கருகி ஒட்ட, முக்கோணங்கள் வாய் பிளந்த வட்டங்களாயின. நோன்பிருந்தவர் வழிந்ததை நக்கிப் பார்த்துக்கூட ஆறுதல் அடைய வழியில்லை. அறிவுரை கூறியவரோ, மாவில்தான் குறை என்றார்.

ஆகவே பூரணத்தை ஒரு நாள் முன்னதாகவே, அதாவது 12ஆம் நாளிலேயே, கிளறி வைப்பது கட்டாயம். கசகசாவை முழுதாக இடாமல் அரைத்து, தேன், சர்க்கரை, சிறிது நீர், எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்து, கரண்டியால் இழுத்த தடம் மூடாமல் நிற்கும் பதம்வரை கிளறி, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணலாகாது என்பது யூத உணவுச் சட்டமாதலாலும், பூரிம் விருந்தில் இறைச்சி இடம்பெறுவதாலும், பூரணத்தில் பாலும் மாவில் வெண்ணெயும் சேர்க்காமல், மாவுக்கு மார்ஜரினோ எண்ணெயோ கொள்வது நல்லது.

எஞ்சியவை எளியவை: மாவை 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டங்கள் வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் பூரணம் வைக்க வேண்டும். மூலைகளைக் கிள்ளுவதைவிட, அட்டைப்பெட்டி மூடுவதுபோல் ஒரு விளிம்பு அடுத்ததன்மேல் படியுமாறு மூன்று பக்கமும் மடிப்பதே உறுதி தரும். அரைமணி நேரம் குளிரவைத்த பின் 180 டிகிரி செல்சியஸில் ஓரம் பொன்னிறமாகும்வரை சுட்டால் போதும்.

ஒருவருக்குக் குறைந்தது இருவகை உணவேனும் அனுப்புவதாகிய ‘மிஷ்லோவாக் மானோத்’ என்னும் பூரிம் கடமைக்கு, இம்முறைப்படி சுட்ட கசகசா முக்கோணங்களோடு பழமும் வைத்து அனுப்பியபோது, ஒன்றும் வாய் பிளக்கவில்லை. அதே ஆண்டு விருந்து மேசையில், உறவினர் கொணர்ந்த ஜாம் பிஸ்கட்டுகள் இரவுவரை தட்டிலேயே இருந்தன என்பதையும் இங்குப் பதிவு செய்தல் தகும்.