மழைமானி பொய் சொல்லுமா?

மழைக்காலத்தில் காலையில் செல்போனுக்கு வரும் மழையளவுப் பட்டியலில் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்டறம்பள்ளி, கேத்தாண்டப்பட்டி என்ற வரிசையில் ஆலங்காயமும் இருக்கும். பக்கத்தில் ஓர் எண். அதைப் பார்த்ததும் டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிடும்: "ஆலங்காயத்துல 5 சென்டியாம். எங்க கொல்லையில புழுதிகூட அடங்கல. மிஷின் பொய் சொல்லுது."

பெரும்பாலும் மிஷின் பொய் சொல்வதில்லை. அதற்குச் சொல்லத் தெரியாததை நாம்தான் கேட்கிறோம்.

நம்பிக்கை: ஆலங்காயத்தில் பதிவான மழை, வட்டாரம் முழுக்கப் பெய்த மழை.

உண்மை: அது ஒரு மழைமானியின் வாய்க்குள் விழுந்த மழை. இந்திய வானிலைத் துறை வைக்கும் கண்ணாடியிழை மழைமானியின் வாய்ப் பரப்பு 100 அல்லது 200 சதுர செ.மீ. பெரியதை எடுத்தாலும் குறுக்களவு 16 செ.மீ.தான், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. உலக வானிலை அமைப்பு மலைப்பகுதிக்குச் சொல்லும் குறைந்தபட்ச அடர்த்தியே 250 சதுர கி.மீ.க்கு ஒரு மானி. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் ஜவ்வாது மலைமேல் திரண்டு இறங்கும் இடிமழை சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஆலங்காயத்தில் கொட்டிவிட்டு, நிம்மியம்பட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துபோகும். இரண்டு ஊர்க்காரர்கள் சொல்வதும் உண்மைதான்.

நவம்பரில் கதை வேறு. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் கொண்டுவரும் மழை பரவலாகப் பெய்யும். அப்போது அதே ஆலங்காயத்து எண், வெள்ளக்குட்டைக்கும் ஓரளவு பொருந்தும். ஆக, ஒரே மழைமானி ஒரு பருவத்தில் நல்ல சாட்சி, இன்னொரு பருவத்தில் அரைகுறைச் சாட்சி.

வெப்பநிலை இப்படி வரப்புக்கு வரப்பு மாறாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களுக்கும் வட்டாரத்துக்கு ஒன்றாகத் தானியங்கி வானிலை நிலையம் வைத்தது. இடிமழையைப் பிடிக்க அது போதாது. வெப்பம், காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றுக்கு, கருவி சரியாக இருக்கும்வரை, சமவெளி விவசாயி அதைத் தாராளமாக நம்பலாம். மலையேறினால் மட்டும் கணக்கு மாறும், 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பயிர் வைப்பவருக்குத் திருப்பத்தூர் வெப்பநிலை அப்படியே உதவாது.

நம்பிக்கை: சனிக்கிழமை ராத்திரி பெய்த மழையைக் கணக்கில் விட்டுவிட்டார்கள்.

உண்மை: விடவில்லை, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. சனி காலை 8.30 முதல் ஞாயிறு காலை 8.30 வரை பெய்தது ஞாயிற்றுக் கணக்கு. நம் பக்கத்து இடிமழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வருவதால் இந்தக் குழப்பம் தீராது. பயிர்ச் சேதத்துக்கு மனு எழுதுகிறவர்கள் மறுநாள் தேதியையும் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. இன்னொன்று, செ.மீ. பட்டியல் முழு எண்ணாகச் சுருக்கியது. 4 மி.மீ. தூறல் அதில் தெரியவே தெரியாது.

நம்பிக்கை: தானியங்கி நிலையத்துக்கு ஆள் தேவையில்லை.

உண்மை: ஆள் தேவைப்படுவதே அதற்குத்தான். தானியங்கி மழைமானியைத் திறந்து பாருங்கள். புனலுக்குக் கீழே இரட்டைக் கிண்ணம், ஏற்றமரம் போல ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு கணக்கு. 0.2 மி.மீ. என்றோ 0.5 மி.மீ. என்றோ மாதிரிக்கு மாதிரி மாறும். அடைமழையில் கிண்ணம் சாய்கிற அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. அதனால் பெருமழையைக் கொஞ்சம் குறைத்தே சொல்வது இந்தக் கருவியின் பிறவிக் குணம்.

அதைவிடப் பெரிய வில்லன் குளவி. புனலின் சிறு துளையில் கூடு கட்டிவிடும். சிலந்தி வலை, வேப்பிலைச் சருகு, காக்கை எச்சம் என்று பட்டியல் நீளும். முழுதாக அடைத்தால் ஊரே நனைந்த நாளில் பூஜ்யம் வரும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி அடைப்புதான் ஆளை ஏமாற்றும். ஒரு மணி நேரம் கொட்டிய மழை, புனலில் தேங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஆறு மணி நேரத் தூறலாகப் பதிவாகும். மொத்த அளவு சரியாகவே இருக்கலாம். காலையில் தக்காளிக்கு அடித்த மருந்து கழுவிப் போயிற்றா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பதிவு தப்பான பதில் சொல்லும்.

வைக்கும் இடமும் முக்கியம். திருடு போகாது, சிக்னல் கிடைக்கும் என்று மோட்டார் கொட்டகைத் தகரத்தின் மேல் நிலையத்தை ஏற்றிவிடுகிறோம். அது தகரத்தின் சூட்டைத்தான் அளக்கும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானி நிற்க வேண்டும். 15 மீட்டர் புளியமரம் என்றால் 30 மீட்டர்.

நம்பிக்கை: திரையில் 89.4 என்று தசம எண் வந்தால் அது துல்லியம்.

உண்மை: காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் உணரி புதிதாக இருக்கும்போதே 3 சதவீதம் கூடக்குறையச் சொல்லலாம். தூசு படிந்து வயதானால் இன்னும் விலகும். ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுச் சரிபார்க்காத நிலையத்தை நம்பி, 90 தாண்டினால் பூஞ்சண மருந்து அடி என்று கணக்குப் போடுவது காசை வீணடிக்கும் வேலை.

நம்பிக்கை: அகன்ற பாத்திரம் வைத்தால் அதிக மழை காட்டும்.

உண்மை: பக்கச் சுவர் நேராக இருந்தால் டம்ளரும் அண்டாவும் ஒரே உயரம்தான் காட்டும். வாய் அகன்று அடி குறுகிய பிளாஸ்டிக் பக்கெட்தான் கூட்டிச் சொல்லும். நேர்ச்சுவர் டப்பா ஒன்றும் பள்ளிக்கூட ஸ்கேலும் இருந்தால், இடிமழைக் காலத்தில் உங்கள் நிலத்துக்கு வட்டார நிலையத்தைவிட அவையே மேல். 1 மி.மீ. மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர், 3 மி.மீ. பெய்தால் ஒரு 12,000 லிட்டர் டேங்கர். தோல் கழிவால் கிணறு உப்பேறிப் போன பாலாற்றுக் கரை விவசாயிக்கு இந்த நல்ல தண்ணீரின் கணக்கு இன்னும் அவசியம்.

தானியங்கி வாங்கியவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடியில் ஒன்று ஐப்பசிக்கு முன் ஒன்று, ஒரு சோதனை செய்யலாம். புனல் வாய் 20 செ.மீ. குறுக்களவு என்றால், 314 மி.லி. தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். பாட்டில் மூடியில் ஊசித் துளை போட்டு அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். 0.2 மி.மீ. கிண்ணம் 50 முறை சாய வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. 40 தான் வருகிறதென்றால், முதலில் புனலையும் கிண்ணத்தையும் துடைத்து, அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பச் சொட்ட விடுங்கள். அப்போதும் 40 தான் என்றால், சரிசெய்யும்வரை அது காட்டும் 4 செ.மீ.யை 5 என்று படித்துக்கொள்ளுங்கள்.