கொம்பியூட்டருக்கு மணி சொல்பவர் யார்?

கேள்வி (வாசகி, கொடிகாமம்): எங்கள் கணினியின் நேரம் அடிக்கடி பிசகுகிறது. இன்ரநெற் கிடைத்ததும் தானாகச் சரியாகிறது. அந்த நேரத்தை அனுப்புவது யார்? இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது?

பதில்: கணினிக்குள் இருக்கும் மணிக்கூடு ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுகிறது. அது விநாடிக்கு 32,768 தடவை அதிர வேண்டும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடிக்கு மேல் போய்விடும். வெக்கை கூடினால் அதிர்வும் மாறும். கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓட வைப்பது 2032 என்று இலக்கமிட்ட வட்டப் பற்றரி. அது செத்துவிட்டால் திகதியே பல வருடம் பின்னுக்குப் போகும். உங்கள் வீட்டில் அடிக்கடி பிசகுகிறது என்றால் முதலில் அந்தப் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

நேரம் கேட்டு வாங்கும் முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர். பின்னாளில் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1985 செப்டெம்பரில் முதல் விதிமுறை வெளிவந்தது. இந்த முறையை என்ரிபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மில்ஸ் பிறவியிலேயே கண் அழுத்த நோய் உள்ளவர்; கடைசிக் காலத்தில் பார்வை முழுவதும் போயிற்று. 2024 ஜனவரியில் காலமானார்.

கேட்ட நேரம் வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடுமே, அதுதான் சிக்கல். மில்ஸ் அதை நாலு நேர முத்திரைகளால் தீர்த்தார். உங்கள் கணினி தன் மணிக்கூட்டில் சரியாகப் பத்து மணிக்குக் கேள்வியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேரும்போது, நேரம் தரும் சேர்வரின் மணிக்கூட்டில் பத்து மணி 5.040 விநாடி. சேர்வர் உடனே பதில் போடுகிறது. பதில் வந்து சேரும்போது உங்கள் மணிக்கூட்டில் பத்து மணி 0.080 விநாடி. போகவர 0.080 விநாடி பிடித்தது. ஒருவழிக்கு அதில் பாதி, 0.040. அதைக் கழித்தால் உங்கள் மணிக்கூடு சரியாக 5 விநாடி பிந்தி ஓடுகிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்பது கணக்கின் நம்பிக்கை. எப்போதும் அப்படி இராது. ஆனாலும் வீட்டுத் தேவைக்கு இது தாராளம்.

வின்டோஸ் கணினி வழக்கமாகக் கேட்பது மைக்ரோசொப்டின் சேர்வரை. அப்படியான சேர்வர்கள் தமக்கு மேலே இருப்பவற்றைக் கேட்கும். அடுக்கின் உச்சியில் அணு மணிக்கூடுகள். நம் நாட்டிலும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இலங்கை நியம நேரத்தை இன்ரநெற்றில் தருகிறது. ஒன்று கவனியுங்கள்: பிசகு 15 மணித்தியாலத்துக்கு மேலிருந்தால் வீட்டு வின்டோஸ் தானாகத் திருத்த மறுப்பதுண்டு. பற்றரி மாற்றியதும் திகதியைக் கையால் போட்டுவிட்டுப் பிறகு இணையுங்கள்.

கேள்வி (வாசகர், பளை): 2003இல் கிளிநொச்சியில் பிறந்த மகளுக்குக் கணினியில் சாதகம் கணித்தோம். சாத்திரியார் முன்பு எழுதித் தந்த குறிப்பில் ஒரு லக்கினம், கணினியில் வேறு லக்கினம். எது சரி?

பதில்: சாத்திரத்தின் சரிபிழைக்குள் நான் போகவில்லை. தொலைந்த அரைமணியை மட்டும் தேடித் தருகிறேன்.

இன்ரநெற்றில் வரும் நேரம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அதோடு எத்தனை மணி கூட்டுவது என்பதை அரசாங்கங்கள் தீர்மானிக்கின்றன. 1996இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி படுத்தபோது, மே 25 முதல் கொழும்பு ஐந்தரையை ஆறரையாக்கியது. ஒக்டோபர் 26இல் அரைமணி குறைத்து ஆறாக்கியது. 2006 ஏப்ரல் 15இல், புதுவருடத்துக்கு மறுநாள், பழையபடி ஐந்தரை.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இதை ஏற்கவேயில்லை. அங்கே ஐந்தரை ஐந்தரையாகவே இருந்தது. பத்து வருடம் நம் பேச்சில் பழைய நேரம், புது நேரம் என்று இரண்டு நேரம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் அரச கட்டுப்பாட்டு முகமாலையில் பத்து மணி என்றால் சில கிலோமீற்றர் தள்ளி உங்கள் பளையில் ஒன்பதரை. உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்க மணிக்கூடுகளும் ஒன்றாகி நாலாம் மாதத்தில், 2006 ஓகஸ்ட் 11இல், பாதை மூடப்பட்டது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வின்டோஸ் பட்டியலில் 'சென்னை, கொல்கத்தா' என்று ஒரு வரியும் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று இன்னொரு வரியும் இருப்பதற்கு அந்தப் பத்து வருடந்தான் காரணம். இன்று இரண்டும் ஐந்தரையே. 2006இல் திருத்தம் போடாத கணினிகளில் கையால் நேரத்தை மாற்றினாலும் பயனில்லை. இன்ரநெற்றோடு இணைந்ததும் மறுபடி அரைமணி முந்திவிடும். வந்த நேரம் சரிதான், கூட்டிய கணக்குப் பிழை.

கைபேசிகளும் சாதக மென்பொருள்கள் பலவும் பார்ப்பது தன்னார்வலர்கள் தொகுக்கும் உலக நேரப் பதிவேட்டை. அதில் இலங்கைக்கு 'கொழும்பு' என்று ஒரே வரி. மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. வன்னிக்கு வரி கிடையாது; பத்து வருடம் ஒரு நிலப்பரப்பு முழுவதும் பார்த்த மணிக்கூட்டுக்கு உலகக் கணக்கில் தனி இடமில்லை. அதனால் மகள் பிறந்த நேரத்தை மென்பொருள் புது நேரமாக எடுத்து, பிறப்பு அரைமணி முந்தியே நடந்ததாகக் கணக்கிட்டுவிடும். அரைமணியில் லக்கினம் ஏறத்தாழ ஏழரைப் பாகை நகரும், அதாவது ஓர் இராசியில் கால்வாசி. நாலு பேரில் ஒருவருக்கு லக்கினம் மாறிவிடும்.

முதலில் வீட்டில் கேளுங்கள்: பிறந்த நேரத்தை எந்த மணிக்கூட்டில் பார்த்துக் குறித்தார்கள்? பழைய நேரமென்றால் மென்பொருளில் 5.30 என்று கையால் போடுங்கள். லக்கினம் அநேகமாகச் சாத்திரியாரின் குறிப்போடு ஒத்துவரும்.

அப்பப்பா, அம்மம்மாவின் சாதகத்தையும் போட்டுப் பார்க்க யோசித்தால் இன்னொன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 ஜனவரி முதல் 1945 ஒக்டோபர் வரை, பிரித்தானிய ஆட்சி இதே தீவின் மணியை முதலில் ஆறாக்கி, 1942 செப்டெம்பரில் ஆறரையாக்கியது. அது பதிவேட்டில் இருக்கிறது. அப்போது வன்னிக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம். அவர்களுக்குக் கையால் எதையும் மாற்ற வேண்டாம்.